குறுவை ஒரு தகப்பன் அல்ல

நிரலாக்கம் பயில வரும் தஞ்சைப் பிள்ளைகளுக்கு மரபுரிமையை விளக்க இன்னமும் விலங்கு, நாய், பூனை என்பவையே எடுத்துக்காட்டுகள். நாய் குரைக்கும், பூனை கத்தும், பாடம் முடிந்தது. எந்தப் பிராணியை உருவாக்குவது என்று எவரும் தீர்மானிக்க வேண்டிய நிலை அதில் வருவதேயில்லை. எனவே ஃபேக்டரி வகுப்பு எதற்கு என்ற கேள்வியும் எழுவதில்லை. வாசலில் வயல் கிடக்க, நாயைத் தேடிப் போவானேன்?

ஜாவா போன்ற, வகையில் கண்டிப்புள்ள மொழியொன்றில் 'நெல்' என்று ஒரு தாய் வகுப்பு வைப்போம். அதன் சேய்கள் ஆடுதுறை 43, சி.ஆர். 1009. முன்னது ஏறத்தாழ 110 நாள். பின்னது 155 நாளுக்குக் குறையாது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை உண்டு. 2012-இல் நேர்ந்ததுபோல் திறப்பு செப்டம்பருக்குப் போனால் சம்பாவோடு சரி. இம்முடிவை நிரலில் நாற்பது இடங்களில் சிதறவிட்டால், அணை தாமதிக்கும் ஆண்டில் நாற்பதையும் தேடித் திருத்த வேண்டும். ஃபேக்டரி அதை ஓரிடத்தில் வைக்கிறது: திறப்புத் தேதியை வாங்கி 'நெல்' ஒன்றைத் தருகிறது. நடவுக்கான நிரலுக்கு அது எந்த நெல் என்ற கவலை இல்லை.

இதுவரை தகராறில்லை. ஃபேக்டரி கிடைத்த மகிழ்ச்சியில் குறுவைநெல், சம்பாநெல் என்று இடையில் இரு தாய்களை நுழைப்பவர்களோடுதான் நமக்குச் சண்டை. (நாமும் அப்படி எழுதியவர்களே, படம் வரைந்தால் அழகாகத்தான் இருந்தது.) ஆடுதுறை 43-ஐ நவரையிலும் விதைக்கிறார்கள். அப்போது அதன் தாய் யார்? குறுவை என்பது பட்டம். நெல்லின் பிறப்பு அன்று. பட்டத்தைத் தனிப் பொருளாக்கிச் சாகுபடியிடம் கொடுத்துவிடலாம்.

தாய் நிற்குமிடத்தில் சேயை நிறுத்தினால் எதுவும் கெடக்கூடாது என்பது 1987-இல் பார்பரா லிஸ்காவ் முன்வைத்த கருத்து. சி.ஆர். 1009 சப் 1 அதற்கு நல்ல சாட்சி. சி.ஆர். 1009 விளையும் வயலில் இதுவும் விளையும். கூடுதலாக, இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் மீண்டெழும்.

ஆனால் அக்டோபரில் வயல் காலியாகும் என்று நம்பித் தாளடிக்கு நிரல் எழுதியவரிடம் ஃபேக்டரி சி.ஆர். 1009-ஐக் கொடுத்தால்? கம்பைலர் தடுக்காது. அது வகையைப் பார்க்கும், நாளைப் பார்க்காது. அறுவடைத் தேதியை அந்த நெல்லிடமே கேட்டிருக்க வேண்டும்.

தண்ணீரே வராவிட்டால் ஃபேக்டரி எதைத் தருவது என்பதில் நம் குழுவுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. 'தரிசு' என்றொரு சேயை நெல்லுக்குப் பெற்றுக்கொடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். அதை நெல் என்று நம்பி யாராவது அறுவடைக்கு ஆள் கூப்பிடுவார்கள். விதை இல்லை என்று பிழையை வெளிப்படையாக எறிவதையே நாம் ஆதரிக்கிறோம்.