நோயாளிக்கு விலைப்பட்டியலா?

வறிய நாடுகளின் மருத்துவப் பணியைக் குறித்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கோட்பாடு ஓங்கி ஒலித்து வருகிறது. சுகாதார நிலையத்திற்கு முன்பணம் தராதே. செய்து முடித்த வேலையை எண்ணிப் பார். எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடு என்பதே அது. பிரசவம் ஒன்றுக்கு இவ்வளவு, தடுப்பூசிகளை முடித்த குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் வகுக்கப்படுகிறது. ஆய்வாளர்கள் வந்து பதிவேடுகளைச் சரிபார்க்கிறார்கள். தரத்திற்கு மதிப்பெண் இடுகிறார்கள். அதன் பின்னரே பணம் வருகிறது. செயல்திறன் சார்ந்த நிதியுதவி என்பது இதற்கு இடப்பட்டிருக்கும் பெயர். உலக வங்கியும் மேலைக் கொடை நாடுகளும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இதைப் பரப்பின. நெதர்லாந்தின் கத்தோலிக்க உதவி நிறுவனமான கோர்டெய்டு இதன் முன்னோடிகளுள் ஒன்று. ஆகவே இது வங்கியாளர்களின் விவகாரம் மட்டுமன்று. நம் வீட்டு விவகாரமுமாகும்.

இம்முறையால் நன்மையே விளையவில்லை என்று நாம் வாதிட வரவில்லை. 1994இன் இனப்படுகொலையால் சிதைந்துபோன ருவாண்டா, இதனைச் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்து, 2006 முதல் நாடெங்கும் விரிவுபடுத்தியது. அங்கே 166 சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதே அளவு கூடுதல் பணத்தை விலைப்பட்டியல் இன்றிப் பெற்ற நிலையங்களோடு ஒப்பிட்டபோது, பட்டியல்படி பணம் பெற்ற நிலையங்களில் பிரசவங்கள் 23 விழுக்காடு கூடியிருந்தன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோய்த் தடுப்புக் கவனிப்புக்காகக் கொண்டுவருவது 56 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு தாய் பாதுகாப்பாகப் பிள்ளை பெறுவதைக் கண்டு முகம் சுளிப்பவர் யார்?

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். கருவுற்ற காலத்தில் நான்கு முறை பரிசோதனைக்கு வந்த தாய்மாரின் தொகை கூடவில்லை. எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்று முடித்த குழந்தைகளின் தொகையும் கூடவில்லை. காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் நடக்கும் பிரசவத்திற்குப் பட்டியல் தந்த விலை 4.59 டாலர், நான்கு பரிசோதனைகளையும் முடித்த தாய்க்குத் தந்த விலை 0.37 டாலர். விலை மிகுதியாகவும் உழைப்புக் குறைவாகவும் இருந்த பணிகளே மிகுதியாக வளர்ந்தன என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். எதற்கு விலை வைக்கிறோமோ அதை நோக்கியே மனிதரின் கைகள் நீளும். அதற்காகச் செவிலியரைக் குறை கூறுவது அறியாமை. பட்டியலைத் தீட்டியவரையன்றோ கேட்க வேண்டும்!

மருத்துவப் பணியின் பெரும்பகுதி எந்தப் பட்டியலிலும் அடங்காது. பிழைக்க மாட்டார் என்று தெரிந்தும் ஒரு முதியவரின் அருகில் அமர்ந்து அவர் உதட்டை நனைப்பதற்கு என்ன விலை? சொல்லத் தயங்கும் பெண்ணின் வாயிலிருந்து அவள் துயரத்தை வரவழைக்கும் பொறுமைக்கு என்ன மதிப்பெண்? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நல்ல சாலையும் கட்டடமும் ஆட்களும் உடைய நிலையம் அதிக எண்ணிக்கை காட்டும். அதிகப் பணம் பெறும். ஆற்றுக்கு அப்பால் ஒரே செவிலியரோடு தவிக்கும் நிலையம் பின்தங்கும். தொலைதூர நிலையங்களுக்கென்று சில நாடுகள் தனித்தொகை சேர்க்க நேர்ந்ததே இக்குறைக்குச் சான்று.

அவ்வாறாயின் பயன் தந்தது எது? நைஜீரியாவில் இதைச் சோதித்தார்கள். சில மாவட்ட நிலையங்களுக்கு விலைப்பட்டியல்படி பணம் சென்றது. வேறு சிலவற்றிற்கு அதில் ஏறத்தாழப் பாதி மட்டும், எண்ணிக்கை நிபந்தனை இன்றி, நேரடியாகச் சென்றது. செலவிடும் உரிமையும் மேற்பார்வையும் உடன் இருந்தன. எல்லா அளவைகளிலும் அல்ல என்றாலும், பல பணிகளில் பின்னவை முன்னவற்றுக்கு நிகராக முன்னேறின. இம்முறையைப் பரப்புவதில் முன்னின்ற உலக வங்கியே 2022இல் வெளியிட்ட அறிக்கையில், பணத்தை நேரடியாக நிலையங்களின் கையில் சேர்ப்பது பல இடங்களில் ஏறத்தாழ அதே பயனைத் தருகிறது என்று ஒப்புக்கொண்டது. ஆக, பணம் தலைநகரில் தேங்காமல் சிற்றூரைச் சென்றடைந்ததே பெரும் மருந்தாயிற்று. நோயாளிக்கு விலை குறித்ததற்கு உரியதைவிட மிகுந்த புகழ் சேர்ந்துவிட்டது.

நற்செய்தியின் நல்ல சமாரியரை இங்கே நினைவுகூர்வோம். அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தை, அஃதாவது இரண்டு நாள் கூலியை, முன்னதாகவே கொடுத்தார். காயம் ஆறிய பிறகு தருகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. அதேவேளையில் கண்ணை மூடிக்கொண்டும் போகவில்லை. மிகுதியாகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். முன்னே நம்பிக்கை, பின்னே கணக்கு: இதுவே அவர் காட்டிய வரிசை. நம் காலத்து வல்லுநரோ வரிசையைத் தலைகீழாக்கினர்.

"அப்படியானால் ஊழலுக்கு வழிவிடுவதா?" என்று கேட்பீர்கள். இல்லை. மருந்து வந்ததா, செவிலியர் இருந்தாரா என்று ஊரார் முன்னிலையில் கேட்பது நம் கடமை. ஆயினும் கணக்குக் கேட்பது வேறு. கூலியைப் பணயமாக வைப்பது வேறு. காங்கோவில் அரசு ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காத செவிலியர் பலர் நோயாளிகள் தரும் கட்டணத்தால் பிழைக்கின்றனர். அவர்களுக்கு ஊக்கத்தொகை என்பது ஊக்கமன்று, உணவு. கொடையாளர் மனம் மாறினால் அதுவும் நின்றுவிடும். 2025 சனவரியில் அமெரிக்கா தன் அயலுதவியைத் திடீரென நிறுத்தியபோது பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்கள் வேலை இழந்ததைக் கண்டோம்.

ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001இல் அபுஜாவில் கூடி, வரவு செலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டை நலவாழ்வுக்கு ஒதுக்குவோம் என்று உறுதி தந்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. செயல்திறனை அளப்பவர்கள் முதலில் இந்த வாக்குறுதியை அளக்கட்டும். நம் திருச்சபையின் உதவி நிறுவனங்களும் தங்கள் முறையை மறுஆய்வு செய்யட்டும்: செவிலியரின் ஊதியத்தையும் அடிப்படை மருந்துகளையும் முன்னதாகவே உறுதி செய்யுங்கள், கடைக்கோடி நிலையத்திற்கு முதற்பங்கு கொடுங்கள், அதன் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கள். காணிக்கை இடும் பொதுநிலையினராகிய நாமும், எத்தனை பேருக்கு மருத்துவம் நடந்தது என்று கேட்பதற்கு முன்னர், மருத்துவம் செய்தவருக்கு இம்மாதக் கூலி கிடைத்ததா என்று கேட்கப் பழகுவோம்.