சறுக்கலும் கிளைடும்

'கிளைடு' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொல்ல முற்படுவோர் வழுக்குதல், சறுக்குதல், நழுவுதல் ஆகிய மூன்றில் ஒன்றையே பெரும்பாலும் கையில் எடுக்கின்றனர். ஆனால் இம்மூன்றிலும் பிடி தவறிய நிலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்னும்போது சறுக்குவது தவறுவதே, கையிலிருந்து நழுவும் குடமும் வைத்திருந்தவரின் விருப்பத்தைக் கேட்டு நழுவுவதில்லை. ஆங்கிலச் சொல்லோ தடங்கலற்ற, முயற்சி வெளியே தெரியாத, பெரும்பாலும் இயங்குபவரின் ஆளுகைக்குள் இருக்கும் இயக்கத்தைக் குறிப்பது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், அச்சொல் நுழைந்த ஒவ்வொரு துறையிலும் மொழிபெயர்ப்பு தடுமாறுகிறது.

பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய இச்சொல்லின் வேரிலிருந்துதான் பருந்துக்கும் அம்மொழியில் ஒரு பழம்பெயர் பிறந்தது என்பது இதன் இயல்பை நன்கு காட்டுகிறது. நடுப்பகலில் சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்து, தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெயிலில் சூடேறி மேலெழும் காற்று அது இறங்குவதைவிட வேகமாக அதைத் தூக்கிச் செல்வதால், நிலத்தில் நிற்பவரின் கண்ணுக்கு அது ஏறுவதாகத் தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பறக்கும் ஓணான், விலா எலும்புகள் தாங்கும் தோல்மடிப்பை விரித்து மரம் விட்டு மரம் செல்வதும் இவ்வகையே. அதற்குச் சிறகு இல்லை, எனவே அது பறப்பதில்லை, ஆயினும் சென்று சேரும் மரத்தை அதுவே தேர்கிறது.

உயரத்தைச் செலவழித்துத் தொலைவைப் பெறும் இந்தக் கணக்கை மனிதர் முறைப்படி கற்றது ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தாலிடமிருந்து எனலாம். 1891 முதல் 1896-இல் விபத்தில் இறக்கும் வரை அவர் எந்திரமில்லாத ஊர்திகளில் ஏறத்தாழ 2,000 முறை குன்றுகளிலிருந்து இறங்கினார். இறங்கும் ஒவ்வோர் அடிக்கும் எத்தனை அடி முன்னே செல்ல முடியும் என்ற அளவே வானூர்தியியலில் கிளைடு விகிதம் எனப்படுகிறது.

அந்த விகிதம் உயிர் காக்கும் கணக்காக மாறிய நாள் 1983 ஜூலை 23. கனடா மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 ஒன்றில் 22,300 கிலோகிராம் எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில், அலகுக் குழப்பத்தால், 22,300 பவுண்டுதான், அதாவது பாதிக்கும் குறைவாகவே, இருந்தது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கி இரண்டு எந்திரங்களும் அடுத்தடுத்து நின்றுவிட, துணை விமானி உயர இழப்பையும் கடந்த தொலைவையும் ஒப்பிட்டு, ஒரு பங்கு இறங்கினால் ஏறத்தாழ 12 பங்கு முன்னே செல்லலாம் என்று கணித்தார். வினிபெக் எட்டாது என்று தெரிந்ததும் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தை நோக்கித் திரும்பினர். ஓடுபாதையை நெருங்கியபோது உயரம் மிகுந்திருந்தது. எந்திரமில்லா ஊர்திகளை ஓட்டிப் பழகியிருந்த தலைமை விமானி ராபர்ட் பியர்சன், விமானத்தின் பக்கவாட்டைக் காற்றுக்குக் காட்டி, முன்னேறும் வேகம் கூடாமல் உயரத்தை மட்டும் வேகமாகக் குறைத்தார். ஊர்தியில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இறுதிச் செயலுக்கு ஆங்கில விமானிகள் கிளைடு என்று சொல்வதில்லை, 'ஸ்லிப்' என்கின்றனர் என்பதே; சறுக்கலும் நழுவலும் அதற்கே பொருந்தும். இரண்டையும் சறுக்கல் என்றே எழுதினால், அந்த விமானம் எப்படித் தப்பியது என்பதைத் தமிழில் விளக்க வழியே இராது.

இசையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையறாமல் இழைந்து செல்வதைக் கருநாடக இசையில் ஜாரு என்றே கூறுவர். 1970-இல் வந்த மினிமூக் என்ற மின்னிசைக் கருவியில் இதே வேலையைச் செய்யும் திருகுக்குக் கிளைடு என்று பெயரிட்டனர்.

எல்லாவற்றினும் செழிப்பான பொருள் ஒலியியலில்தான் உள்ளது. ஓர் உயிரொலிக்கான நிலையிலிருந்து மற்றொன்றுக்கு நா நகரும் வழியில் பிறக்கும் ஒலியை, அந்த நகர்வைக் கருதி, ஆங்கிலத்தில் கிளைடு என்கின்றனர். யகரமும் வகரமும் இவ்வகையின. தமிழிலக்கணம் இதே ஒலிகளை உடம்படுமெய் என்கிறது. உடம்படுதல் என்றால் இசைதல், ஒப்புதல். ஒன்றையொன்று ஒட்டாமல் நிற்கும் இரண்டு உயிர்களை இசையச் செய்யும் மெய் என்பதால் அப்பெயர். நாவின் அசைவைப் பார்க்காமல் அது செய்யும் பணியைப் பார்த்து இட்ட இந்தப் பெயர், தொல்காப்பியம் தொட்டு வழங்கி வருவது. மணி என்று சொல்லி முடித்த நா அண்ணத்தருகே உயர்ந்து நிற்கிறது. அங்கிருந்து அழகு என்பதற்கு இறங்கும்போது வழியிலேயே யகரம் கேட்டுவிடுவதால் மணியழகு ஆகிறது. திரு என்றதும் இதழ்கள் குவிந்துள்ளன. அவை விரியும்போது வகரம் பிறந்து திருவருள் ஆகிறது. இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரமும் ஏனைய உயிர்களின் பின் வகரமும் வரும் என்று வகுத்த நன்னூல், ஏகாரத்தின் பின் இரண்டுக்கும் இடமளிப்பதால்தான் தேவாரம் என்பதில் வகரமும் இவனேயவன் என்பதில் யகரமும் நிற்கின்றன.

ஐயா என்றும் அய்யா என்றும், ஔவை என்றும் அவ்வை என்றும் எழுதுவதில் எது பிழை என்ற வாதத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அகரத்தில் தொடங்கிய ஒலி யகரத்தை நோக்கியோ வகரத்தை நோக்கியோ நகர்ந்து முடிவதை இரண்டு எழுத்து முறைகளும் பதிவு செய்கின்றன, இலக்கணமும் இதைப் போலி என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. பேச்சுத் தமிழில் சொல்லின் முதலிலேயே இந்த நகர்வு நிகழ்வதுண்டு. எலி 'யெலி' என்றும் ஒன்று 'வொண்ணு' என்றும் ஒலிப்பது இதனால்தான். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஏட்டில் 'யெலி' என்று எழுதும்போது ஆசிரியர் சிவப்பு மையால் யகரத்தை அடிப்பது எழுத்து முறைக்கு ஏற்றதே. ஆனால் அந்தக் குழந்தையின் காது, வீட்டில் ஒலித்ததை ஒலித்தபடியே கேட்டிருக்கிறது.