கேள்வி கேட்ட பள்ளிக்குப் பூட்டு

ஒரு பல்கலைக்கழகத்தின் குற்றவியல் பள்ளி தன் ஊர்ப் போலீஸைப் பார்த்துக் கேள்வி கேட்டது. அதை இழுத்து மூடிவிட்டார்கள். இன்னொரு பல்கலைக்கழகத்தின் போலீஸ் நிர்வாகப் பள்ளி கடல் கடந்து போய் ஒரு சர்வாதிகாரியின் போலீஸுக்குப் பயிற்சி கொடுத்தது. அது பெயரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் நடக்கிறது.

இரண்டும் அமெரிக்காவில் நடந்த கதைகள். முதலாவது கலிஃபோர்னியாவின் பெர்க்லி. இரண்டாவது மிச்சிகன் ஸ்டேட். ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பொது நிர்வாகமும் குற்றவியல் நீதியும் சொல்லித்தரும் எந்தப் பள்ளியானாலும், அதன் தலையெழுத்து இந்த இரண்டு கதைகளுக்கு நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது.

(ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஸ்கூல்' என்றால் சின்னப் பிள்ளைகள் படிக்கிற இடம் இல்லை. மருத்துவம், சட்டம் மாதிரி ஒரு தொழிலுக்கு ஆட்களைத் தயார்செய்யும் பெரிய பிரிவு. அரசு அலுவலகம், போலீஸ், நீதிமன்றம், சிறை ஆகியவற்றுக்கு ஆட்களை அனுப்பும் பள்ளிகளும் அந்த வகைதான்.)

படித்த போலீஸ் என்ற கனவு

கதை ஆகஸ்ட் வால்மர் என்பவரிடம் தொடங்குகிறது. 1905-ல் பெர்க்லி ஊரின் மார்ஷலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறகு அந்த ஊரின் முதல் போலீஸ் தலைவராக ஆனவர். அவருக்கே பள்ளிப்படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் போலீஸ்காரன் படித்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்கும் பழக்கத்தை எதிர்த்தார். காவலர்களைச் சைக்கிளில் ரோந்து அனுப்பினார். கல்லூரி மாணவர்களைக் காவலர்களாக எடுத்தார். 1921-ல் பொய் கண்டறியும் கருவியை உருவாக்கிய ஜான் லார்சன் அவருடைய படையில் இருந்தவர்தான். முனைவர் பட்டம் பெற்ற போலீஸ்காரர்!

1916-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் போலீஸாருக்கான கோடை வகுப்புகளை வால்மர் தொடங்கிவைத்தார். அந்த விதையில் இருந்துதான் 1950-ல் பெர்க்லியின் குற்றவியல் பள்ளி முளைத்தது. அதன் முதல் தலைவர் ஓ.டபிள்யூ. வில்சன், வால்மரின் கீழ் காவலராக வேலை பார்த்தவர். 1960-ல் அவர் சிகாகோ நகரப் போலீஸுக்கே தலைவராகப் போய்விட்டார்.

கனவு நல்ல கனவுதான். கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் கொஞ்சம் படித்தும் இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்தக் கனவில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. போலீஸ் பல்கலைக்கழகத்துக்குள் வந்தால் பல்கலைக்கழகம் போலீஸை மாற்றுமா, இல்லை போலீஸ் பல்கலைக்கழகத்தை மாற்றுமா?

சைகோனுக்குப் போன பேராசிரியர்கள்

மிச்சிகன் ஸ்டேட்டில் 1935 முதலே போலீஸ் நிர்வாகப் படிப்பு உண்டு. 1955-ல் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு பெரிய ஒப்பந்தத்தில் இறங்கியது. தென் வியட்நாமில் நோ டின் டியெம் தலைமையில் அமைந்த புது அரசுக்கு நிர்வாகத்தையும் போலீஸையும் கட்டிக்கொடுக்க வேண்டும். பணம் அமெரிக்க அரசுடையது. டியெமுக்குப் பழைய நண்பரான வெஸ்லி ஃபிஷெல், அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் பேராசிரியர்.

ஒரு குழு பொது நிர்வாகம் சொல்லிக்கொடுத்தது. சைகோனில் அரசு அதிகாரிகளுக்கான கல்வி நிறுவனத்தை வளர்த்தது. இன்னொரு குழு போலீஸைக் கவனித்தது. கைரேகை, கோப்பு முறை, துப்பாக்கிப் பயிற்சி, மக்களுக்கு அடையாள அட்டை என்று வேலை விரிந்தது. அதே காலத்தில் டியெம் அரசு என்ன செய்துகொண்டிருந்தது? எதிரிகள் என்று பட்டவர்களைப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. 1959-ல் வந்த 10/59 என்ற சட்டம், ராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை கொடுத்து உடனே நிறைவேற்ற வழி செய்தது. இப்படிப்பட்ட அரசின் கையில் நல்ல கோப்பு முறையும் அடையாள அட்டையும் கிடைத்தால் அவை எதற்குப் பயன்படும் என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையா என்ன?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் போலீஸ் குழுவில் பல்கலைக்கழக ஊழியர் என்ற பெயரில் 1959 வரை சி.ஐ.ஏ. ஆட்களும் இருந்தார்கள். அங்கே வேலை பார்த்த இரண்டு பேராசிரியர்களே 1965-ல் எழுதிய நூலில் இதைச் சொன்னார்கள். மறுவருடம் ஏப்ரலில் ராம்பார்ட்ஸ் என்ற பத்திரிகை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டு உடைத்தபோதுதான் ஊர் அதிர்ந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர் திரும்பிய பேராசிரியர்கள் சிலர் டியெம் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்கள். அவர்களின் வாயை அடைக்கச் சொன்னார் டியெம். பல்கலைக்கழகம் அடைக்கவில்லை. 1962-ல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அந்த அளவில் அவர்களைப் பாராட்டலாம். ஆனால் கவனியுங்கள், உறவை முறித்தது பல்கலைக்கழகத்தின் மனசாட்சி இல்லை. சர்வாதிகாரியின் கோபம். அவருக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்?

பெர்க்லிக்கு வந்த கதி

இப்போது பெர்க்லிக்குத் திரும்புவோம். 1960-களின் கடைசியில் அந்தக் குற்றவியல் பள்ளியில் வேறு மாதிரியான ஆசிரியர்கள் சேர்ந்திருந்தார்கள். திருடன் ஏன் திருடுகிறான் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், எதைக் குற்றம் என்று தீர்மானிப்பது யார், போலீஸ் யாரைச் சுடுகிறது, சிறையில் இருப்பது யார் என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஒருவர் பால் தகாகி. இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக முள்வேலி முகாமில் அடைக்கப்பட்ட அமெரிக்கர். பிறகு பரோல் அதிகாரியாக வேலை பார்த்தவர். போலீஸ் கையால் இறந்தவர்களின் கணக்கை எடுத்து 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளை ஆண்களைவிடக் கறுப்பின ஆண்கள் சாகும் விகிதம் சுமார் 9 முதல் 10 மடங்கு அதிகம் என்றது அந்தக் கணக்கு. இன்னொருவர் டோனி பிளாட். சிறார் நீதிமன்றங்கள் கருணையால் பிறந்தவை என்ற நம்பிக்கையை 1969-ல் எழுதிய நூலில் அசைத்துப் பார்த்தவர்.

இவர்கள் வகுப்பறையோடு நிற்கவில்லை. பெர்க்லிப் போலீஸை மக்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும் என்ற இயக்கத்திலும் இறங்கினார்கள். 1971-ல் நடந்த வாக்கெடுப்பில் அது தோற்றது.

பிறகு நடந்தது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். பிளாட்டுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. 1974-ல் பள்ளியை மூடும் முடிவு வந்தது. மாணவர்கள் போராடினார்கள். பலன் இல்லை. 1976-ல் குற்றவியல் பள்ளி காணாமல் போனது.

"அது அரசியல் பழிவாங்கல் இல்லை. கல்வித் தரம் போதவில்லை, ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் தொழில் பயிற்சிக்கு இடம் இல்லை, அதனால்தான் மூடினோம்" என்பது அன்றைய நிர்வாகத்தின் வாதம். தரத்தைப் பற்றிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் வால்மர் காலத்தில் இருந்து போலீஸாருக்குக் கைரேகையும் ரோந்து முறையும் சொல்லிக்கொடுத்தபோது தொழில் பயிற்சி யார் கண்ணையும் உறுத்தவில்லையே. அதே பள்ளி போலீஸ் சுட்ட கணக்கைக் கேட்டபோது மட்டும் தரம் எப்படி ஞாபகத்துக்கு வந்தது?

பணம் எந்தப் பக்கம்?

பெர்க்லி மூடிய அதே காலத்தில் நாடு முழுக்கக் குற்றவியல் நீதிப் படிப்புகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன. காரணம் பணம். போலீஸார் அனைவருக்கும் கடைசியில் பட்டப்படிப்பு வேண்டும் என்று 1967-ல் ஜனாதிபதியின் ஆணையம் சொன்னது. 1968-ல் வந்த சட்டம் போலீஸாரின் கல்லூரிப் படிப்புக்குக் கடனும் உதவித்தொகையும் கொடுத்தது. படித்துவிட்டுப் போலீஸ் வேலையிலேயே இருந்தால் வருடா வருடம் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. கல்லூரிகள் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு துறையைத் திறந்தன.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் வேதனை. 1978-ல் லாரன்ஸ் ஷெர்மன் முன்னின்று தயாரித்த ஒரு தேசிய ஆணையத்தின் அறிக்கை இதை அலசியது. போலீஸ் பயிற்சிக்கூடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கல்லூரிப் பாடம் என்று பெயர் மாற்றி நடத்துகிறார்கள், இருக்கிற போலீஸ் அப்படியே இருப்பதற்குத்தான் இந்தப் படிப்பு உதவுகிறது, மாறுவதற்கு இல்லை என்பது அதன் சாரம். இதைச் சொன்னது பெர்க்லியின் தீவிரவாதிகள் இல்லை. போலீஸ் முன்னேற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களே சொன்னார்கள்.

அப்படியானால் இந்தப் பள்ளிகளே வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். அதற்கு ஜேம்ஸ் ஃபைஃப் ஒருவரே போதுமான சாட்சி.

ஃபைஃப் நியூயார்க் போலீஸில் லெஃப்டினன்ட்டாக இருந்தவர். ஆல்பனியில் இருக்கும் குற்றவியல் நீதிப் பள்ளியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம், தன் சொந்தத் துறையின் துப்பாக்கிச்சூடுகள். எப்போது சுடலாம் என்ற விதியை நியூயார்க் போலீஸ் 1972-ல் இறுக்கியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எண்ணிப் பார்த்தார். சுடுவது கணிசமாகக் குறைந்திருந்தது. அதனால் காவலர்களுக்கு ஆபத்து கூடவில்லை. 'கையைக் கட்டிப்போட்டால் போலீஸ்காரன் செத்துப்போவான்' என்ற பழைய பல்லவி பொய்த்தது.

அதன் பலன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974 அக்டோபரில் மெம்ஃபிஸ் நகரில் எட்வர்ட் கார்னர் என்ற 15 வயதுப் பையன், ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பப் பார்த்தான். கையில் ஆயுதம் இல்லை. போலீஸ்காரர் பின்னந்தலையில் சுட்டார். பையன் எடுத்திருந்தது 10 டாலரும் ஒரு பர்ஸும். அந்த மாநிலச் சட்டப்படி அது சரியாம்! 1985 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆபத்தில்லாதவன் ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுட்டுக் கொல்லக் கூடாது. அந்தத் தீர்ப்பில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளில் ஃபைஃப் எழுதியதும் ஒன்று.

இதற்குத்தான் பள்ளி வேண்டும். சீருடை போட்டவன் உள்ளே வந்து, தன் துறையின் கணக்கைத் தானே எடுத்து மேசையில் வைக்க ஓர் இடம் வேண்டும். அதைச் செய்ததற்காக அவனுடைய பட்டமோ, அவனுடைய ஆசிரியரின் வேலையோ, பள்ளியின் கட்டிடமோ பறிபோகாத இடமாகவும் அது இருக்க வேண்டும்.

எண்ண மறந்த கணக்கு

2014-ல் ஃபெர்குசன் ஊரில் போலீஸ் சுட்டு ஓர் இளைஞர் இறந்தார். போலீஸ் ஒரு வருடத்தில் எத்தனை பேரைச் சுட்டுக் கொல்கிறது என்று நாடே கேட்டது. நம்பகமான பதில் அரசிடம் இல்லை. 2015-ல் வாஷிங்டன் போஸ்ட், கார்டியன் ஆகிய பத்திரிகைகளின் நிருபர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் என்று வந்தது. எஃப்.பி.ஐ. அதுவரை காட்டிவந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

தகாகி அந்தக் கேள்வியைக் கேட்டது 1974-ல். பத்திரிகைகள் எண்ணியது 2015-ல். நடுவில் நாற்பத்தொரு வருடம். அத்தனை வருடமும் ஊருக்கு ஊர் குற்றவியல் நீதித் துறைகள் இருந்தன, பேராசிரியர்கள் இருந்தார்கள், பட்டமளிப்பு விழாக்கள் நடந்தன. இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்ட ஆய்வாளர்கள் சிலர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கைக் கொடுக்க ஆயிரம் வகுப்பறைகளால் முடியாததை இரண்டு செய்தி அறைகள் செய்தன என்றால், அந்த வகுப்பறைகள் யாருக்காக நடந்தன என்று கேட்க வேண்டாமா?

எந்த நாட்டிலும் இப்படி ஒரு பள்ளியில் சேரப்போகிற மாணவர் அதன் கட்டிடத்தையும் தரவரிசையையும் பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை விசாரிக்கட்டும். பணம் எங்கிருந்து வருகிறது? சொந்த ஊர்ப் போலீஸைப் பற்றி அங்கே கடைசியாக எழுதப்பட்ட ஆய்வு எது? அதை எழுதியவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?

பெர்க்லி ஆசிரியர்கள் 1974-ல் ஆரம்பித்த ஆய்விதழ் பெயர் மாறி, பள்ளி மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது. கட்டிடத்தைப் பூட்டினார்கள். கேள்வியைப் பூட்ட முடியவில்லை.