டிரைவர் எப்போது தூங்கினார்?

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பாத்தி பாத்தியாக உப்பளம், வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பு, நடுவில் கோடு போட்ட மாதிரி ரோடு. கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த இடத்தைத் தாண்டிப் பாருங்கள். மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று, உப்பிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்ப வந்து கண்ணைக் குத்தும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இது தினப்படி அவஸ்தை. அவர்கள் கண்ணைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதவேண்டும். காரில் போகிற நமக்குச் சில நிமிஷம்தான். பின் சீட்டில் இருப்பவர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளலாம். டிரைவர்?

வாடகைக் கார் எடுக்கும்போது நம் வீடுகளில் என்னென்ன கேட்கிறோம்? கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏ.சி. சரியாக இருக்கிறதா, டிரைவர் பேட்டா தனியா, டோல் யார் கட்டுவது... எல்லாம் கேட்போம். டயரைக் காலால் தட்டிக்கூடப் பார்ப்போம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கமாட்டோம். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

நம் மத்தியதரக் குடும்பங்களின் 'ஒரு நாள் பாண்டிச்சேரி' எப்படி நடக்கிறது என்று கணக்குப் போடுவோம். வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிகாலை 5 மணிக்கு வண்டி வரச் சொல்கிறோம். அப்படியானால் அவர் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மாமல்லபுரம், ஆரோவில், மணக்குள விநாயகர், ஆசிரமம், சாயங்காலம் பீச். "இவ்வளவு தூரம் வந்துட்டு கடைக்குப் போகாம எப்படி?" என்று ஒரு மணி நேரம். கிளம்பும்போது இரவு 8 மணி. மரக்காணத்தைத் தாண்டும்போது 9. நம்மை வீட்டில் இறக்கிவிடும்போது பதினொன்றோ, பதினொன்றரையோ. வண்டியை விட்டுவிட்டு அவர் வீடு போய்ச் சேர நடுராத்திரி.

3 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 8 மணி என்பது பதினேழாவது மணி நேரம். இந்தப் பதினேழு சும்மா சொல்லும் எண் இல்லை. 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறதாம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அதாவது, ஒரு சொட்டு குடிக்காத, நெற்றியில் விபூதி பூசிய, "ஸார்... ஸார்" என்று மரியாதையாகப் பேசும் அந்த மனிதர், நாம் பாண்டியை விட்டுக் கிளம்பும்போதே குடித்துவிட்டு ஓட்டுபவரின் நிலையில் இருக்கிறார். குடித்திருந்தால் நாமே வண்டியை விட்டு இறங்கியிருப்போம் இல்லையா?

தூக்கக் கலக்கத்தில் கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால், கார் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் ஓட்டுகிறவர் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். திருப்பமே இல்லாத நேர் ரோடு இதற்கு ரொம்ப வசதி. உடம்பின் கடிகாரம் வேறு இருக்கிறது. விடிகாலை 2 முதல் 5 மணி வரையிலும், மத்தியானம் 2 முதல் 4 வரையிலும் அது தானாகவே 'தூங்கு' என்கும். சாப்பாடு வயிற்றில் கனக்க, உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசச் செய்ய, அந்த மத்தியான நேரத்தில் திரும்பி வருவதும் ஆபத்தில் குறைந்ததல்ல.

"அவருக்குப் பழக்கம்தானே" என்பார்கள். தூக்கத்தில் பழக்கம் என்று ஒன்று கிடையாது. சத்தமாகப் பாட்டு வைப்பது, ஜன்னலைத் திறப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிஷ வித்தை. காப்பி வேலை செய்யும்; ஆனால் குடித்து அரை மணியாவது ஆகவேண்டும், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் தூங்குவதுதான் உருப்படியான வழி. அதற்குக் காரில் இருக்கிற ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும்!

டிரைவர் தானாக "முடியலை" என்று சொல்லமாட்டார். வண்டிக்குத் தவணை இருக்கிறது, நாளைக்கும் நாம் கூப்பிட வேண்டும். "தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டால் "இல்ல ஸார், நீங்க தூங்குங்க, நான் பார்த்துக்கறேன்" என்பதுதான் பதிலாக இருக்கும். கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். நேற்று எந்த ஊர் சவாரி, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தால் உண்மை தானாக வந்துவிடும். விடியவிடியத் திருப்பதி போய்விட்டு நேராக நம் வாசலுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால், வேறு டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

8 மணி நேர வேலை, 5 மணிக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. ஐந்து தொழிலாளிகளாவது இருந்த நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒற்றைக் கார் வைத்துப் பிழைப்பவருக்கு யார் கணக்குப் பார்ப்பது? வாடகை கொடுக்கும் நாம்தான் பார்க்கவேண்டும்.

தங்கினால் மட்டும்? நமக்கு ஏ.சி. ரூம், அவருக்குக் கார் சீட், கொசுக்கடி. புழுக்கம் தாங்காமல் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குகிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் வாசனையே தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்கவேண்டும் என்றது. நல்ல காரியம். ஆனால் மரக்காணம் தாண்டிப் பாண்டிக்குள் நுழைந்தால் அது வேறு அரசு, வேறு விதி! ரூம் போடும்போதே "டிரைவருக்கு இடம் உண்டா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டு விஷயமும் உண்டு. நாம் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பீடா போட்ட பிறகுதான் பல இடங்களில் அவருக்கு இலை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற டிரைவராக இருந்தால், தாமதமான சாப்பாட்டில் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டிவிடும். அதே மாதிரி, ஜலதோஷம் என்று அவர் தும்மினால், நம் வீட்டுப் பெண்கள் இரக்கப்பட்டுக் கைப்பையிலிருந்து அவில் எடுத்துக் கொடுப்பார்கள். குழந்தைக்கு வாந்தி வராமலிருக்கக் கொண்டுவந்த அவோமினும் அந்தப் பையில்தான் இருக்கும். இரண்டுமே தூங்கவைக்கும் மாத்திரைகள். ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

இனி, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள். "டிரைவர் எதுக்கும்மா? செல்ஃப் டிரைவ் எடுத்துக்கறேன், நானே ஓட்டறேன்" என்பான் அமெரிக்காவிலிருந்து முந்தாநாள் இறங்கிய மகன். அவன் உடம்புக்கு இன்னும் அங்கத்துக் கடிகாரம்தான். அங்கே நடுராத்திரி என்றால் இங்கே பட்டப்பகல். இது சரியாக ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். போதாததற்கு அங்கே வலப்பக்கம் ஓட்டிய கை. நேர் ரோட்டில் சமாளித்துவிடுவான். டீ குடித்துவிட்டு வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றுகிறானே, அந்த நேரத்தில்தான் பழைய பழக்கம் தலைகாட்டும். முதல் நான்கைந்து நாள் டிரைவர் வைத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. அவன் கையில் அமெரிக்க லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது, அங்கே வாங்கிய சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும். இங்கிருந்து அயல்நாடு போய்க் கார் எடுப்பவர்களுக்கு நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே அது கிடைக்கிறது. அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். அவர்களுக்கும் இதே தூக்க விதிதான். ராத்திரி முழுக்கப் பறந்துவிட்டு ஏர்போர்ட்டிலேயே சாவியை வாங்காமல், ஒரு ராத்திரி தூங்கிவிட்டு எடுங்கள்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். பெட்ரோல், டீசல் கார்களில் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டும் வாடகைக் கார். "தெரிஞ்சவர் வண்டிதான், கம்மியா வரும்" என்று வெள்ளை பிளேட் 'ஓன் போர்டு' காரில் போனால், மிச்சமாவது சில நூறு. விபத்து என்று வந்தால், சொந்த உபயோகத்துக்கான பாலிஸியில் வாடகைக்கு ஓட்டினீர்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வழியிருக்கிறது.

பின் சீட்டு பெல்ட்டை ஏன் மறக்கிறோமோ தெரியவில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போனது உயர்ரகக் காரில். பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் இறந்தார்கள், பெல்ட் போட்டிருந்த முன் சீட்டுக்காரர்கள் பிழைத்தார்கள். வாடகைக் கார்களில் பெல்ட் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கிளம்புமுன் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை. மோதல் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்காது.

அசம்பாவிதம் நடந்தால் 108. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் துவங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரையறுத்த தொகை வரை பணம் கேட்கக்கூடாது. அந்த டிரைவருக்கும் இது உண்டு. அவர் வீட்டு போன் நம்பரைக் கிளம்பும்போதே வாங்கி வைத்திருக்கிறீர்களா?