ரசிகர்களுக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும்

அணி தோற்றால் ரசிகன் கோபித்துக்கொள்வான், ஜெயித்தால் தானாகச் சமாதானம் ஆகிவிடுவான் என்று விளையாட்டை நடத்துகிறவர்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. சேப்பாக்கத்தைத் தெரிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். 1999 ஜனவரி 31 அன்று, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில், முதுகுவலியோடு 136 ரன் எடுத்த சச்சின் அவுட் ஆனபோது வெற்றிக்கு 17 ரன்தான் பாக்கி. கையில் மூன்று விக்கெட் இருந்தும் 12 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். அரங்கம் சிறிது நேரம் வாயடைத்துப் போய் இருந்தது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய வேகத்துக்கு எதிராக விஸ்வநாத் எடுத்த 97 ரன்னைச் சதத்தை விடப் பெரிதாகக் கொண்டாடிய கூட்டம் இது. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம் டை ஆனதையும் அந்த வெயிலில் உட்கார்ந்து பார்த்தது. அப்படித் தோல்வியையும் வெயிலையும் தாங்கத் தெரிந்தவர்களுக்கும் இன்று கிரிக்கெட்டை நடத்துகிறவர்களுக்கும் நடுவே ஏன் இவ்வளவு மனக்கசப்பு? என் கணிப்பில் காரணம் ஒன்றுதான். ரசிகன் கேட்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

பூட்டிக் கிடந்த மூன்று கேலரிகளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 உலகக் கோப்பைக்காக சேப்பாக்கம் அரங்கத்தைப் புதுப்பித்தபோது ஐ, ஜே, கே என்ற மூன்று பெரிய கேலரிகள் எழுந்தன. சுமார் 12,000 பேர் உட்காரலாம். கட்டட அனுமதி விதிகளின்படி விட வேண்டிய இடம் விடப்படவில்லை என்று சிக்கல் வந்தது. பக்கத்திலேயே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் வேறு இடித்துக்கொண்டு நின்றது. விவகாரம் மாநகராட்சி, நீதிமன்றம் என்று நடந்தது. 2012 முதல் பெரும்பாலான போட்டிகளுக்கு அந்த மூன்று கேலரிகளும் பூட்டியே கிடந்தன. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மற்ற இடமெல்லாம் மஞ்சள் கடல், ஒரு பக்கம் மட்டும் ஆளே இல்லாத நாற்காலிகள். வெளியே டிக்கெட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள்.

2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னைக்கு வர வேண்டியது. அந்த மூன்று கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஐதராபாத்துக்குப் போனது. சென்னை அணி அந்த இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்று, அங்கே போய் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. கடைசியில் 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து டெஸ்டின்போதுதான் அங்கே மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

விதியை மீறிய கட்டடத்தைப் பூட்டியது சரிதான். அதில் எனக்கு மறுப்பில்லை. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவன், விதி எதற்கு என்று கேட்க மாட்டேன். கூட்டம் சேரும் கட்டடத்தைச் சுற்றி இடம் விடச் சொல்வது, நெருப்பு என்று வந்தால் வண்டி உள்ளே வருவதற்கும் ஜனங்கள் வெளியே ஓடுவதற்கும்தான். என் ஆதங்கம் வேறு. ஏறத்தாழ ஒன்பது வருஷம் ஒரு விவகாரம் இழுத்தபோது, டிக்கெட் வாங்குகிறவன் அதைச் செய்தித்தாளில் துண்டு துண்டாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டான். யாரிடம் கோப்பு இருக்கிறது, எது பாக்கி, எப்போது முடியும் என்று அவனிடம் சொல்ல வேண்டியது தங்கள் கடமை என்று எந்தத் தரப்பும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் வேலை பார்த்த காலத்தில், தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு வந்தால் முதலில் அதற்கு எண் போட வேண்டும். உடனே முடிவு எடுக்க முடியாவிட்டால், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ந.க. எண்ணோடு ஒரு கடிதமாவது போக வேண்டும். எல்லா ஆபீஸிலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்த இடத்தில் அதன் பலன் தெரியும். 'முடியாது, இந்தக் காரணம்' என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போனவர் அவ்வளவாகச் சத்தம் போட மாட்டார். 'நாளைக்கு வாங்க' என்று பத்து தடவை கேட்டவர்தான் மேஜையைத் தட்டுவார்.

சேப்பாக்கத்தில் இன்றைக்கு நடக்கும் டிக்கெட் விற்பனை அந்த 'நாளைக்கு வாங்க' ரகம். முன்பெல்லாம் வாலாஜா சாலையிலும் விக்டோரியா ஹாஸ்டல் சாலையிலும் விடிய விடிய நின்று கவுண்டரில் வாங்குவார்கள். தடியடியும் நடக்கும், தள்ளுமுள்ளும் இருக்கும். அதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். 2024 ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை ஆட்டத்துக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான் என்றார்கள். குறைந்தபட்ச விலையே 1,700 ரூபாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பையனுக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. அதைக் கொடுக்கவும் அவன் தயார். ஷிப்டு முடிந்து வந்து போனைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில நிமிஷத்தில் 'விற்றுத் தீர்ந்தது' என்று வருகிறது. மறுநாள் அதே டிக்கெட் மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலைக்கு யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. சீசன் தவறாமல் போலீசார் சில கள்ளச் சந்தை ஆட்களைப் பிடிப்பதைப் பேப்பரில் படிக்கிறோம். அந்த டிக்கெட் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்பதை மட்டும் படித்ததில்லை.

38,000 பேர் உட்காரும் அரங்கத்தில் பொதுமக்களுக்கு எத்தனை, உறுப்பினர் கிளப்புகளுக்கு எத்தனை, விளம்பரதாரர்களுக்கு எத்தனை, இலவச பாஸ் எத்தனை? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்த நான்கு எண்களை விற்பனைக்கு முன்னால் அறிவித்துவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். டிக்கெட் கிடைக்காதவன், தான் ஏமாற்றப்படவில்லை, வரிசையில் பின்தங்கிவிட்டோம் என்று புரிந்துகொள்வான்.

ரசிகனை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2018 ஏப்ரல் 10 அன்று காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தது. வெளியே மறியல், உள்ளே மைதானத்தில் வந்து விழுந்த செருப்பு. மறுநாளே மீதி ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. சென்னை ரசிகர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் அணி நிர்வாகம் ஒரு ரயிலை வாடகைக்கு எடுத்து சுமார் ஆயிரம் ரசிகர்களைப் புனேவுக்கு அழைத்துப் போனது. சொந்த ஊரில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் நடந்த அந்த வருஷத்தில் அணிக்கும் ரசிகர்களுக்கும் உறவு கெடவில்லை, இறுகியது. ஆயிரம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. ஆனால் தங்களை நினைத்தார்கள் என்று மற்ற லட்சக்கணக்கானவர்களும் உணர்ந்தார்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரசிகனை ஆங்கிலத்தில் 'சப்போர்ட்டர்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு மூலமான 'சுப்போர்த்தே' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லுக்குத் தாங்குவது, பொறுத்துக்கொள்வது என்றும் பொருள். நம் ரசிகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் பொறுத்துக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நிர்வாகிகள் கவனிக்காவிட்டால் மனக்கசப்போடு மட்டும் போவதில்லை.

2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பதினெட்டாவது சீசனில் முதல் முறையாகக் கோப்பை வென்ற அணியைப் பார்க்க சின்னசாமி அரங்கத்தின் முன் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். அரங்கத்தில் இடம் சுமார் 35,000 பேருக்கு. ஊர்வலம் உண்டா இல்லையா, பாஸ் வேண்டுமா வேண்டாமா, எந்த கேட் திறக்கும் என்பதில் தெளிவே இல்லை. வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அணி, கிரிக்கெட் சங்கம், அரசு, போலீஸ் என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள். போலீஸ் அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்த வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்கு முதல் பார்வையில் அணியே பொறுப்பு என்றது. சரியான நேரத்தில் சரியான தகவல் போயிருந்தால் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்!

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான கால்பந்துக் கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களான ரசிகர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் வாரா வாரம் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டே பெரிய தொழில். டென்னசி பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை 2025 கால்பந்து டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதலாக வசூலிக்கப் போவதாக முந்தைய வருஷமே அறிவித்தது. வீரர்களான மாணவர்களுக்குப் பணம் கொடுப்பதற்காக என்று காரணத்தையும் சொன்னது. காசு கொடுப்பவன் முணுமுணுக்கலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

'கிரிக்கெட் சங்கம் தனியார் அமைப்பு. உங்களுக்கு ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. சேப்பாக்கம் அரங்கம் நிற்பது அரசு நிலத்தில், குத்தகையில். ஆட்டத்தன்று பாதுகாப்புக்கு நிற்பது அரசாங்கப் போலீஸ். இவை இரண்டும் வேண்டும், ஜனங்களுக்குப் பதில் மட்டும் சொல்ல மாட்டோம் என்பது நியாயம் ஆகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் விளையாட்டு நிர்வாகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வீரர்களுக்குக் குழு, தகராறுகளுக்குத் தீர்ப்பாயம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் தகவல் அறியும் உரிமை, அரசு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டதால் கிரிக்கெட் வாரியம் தப்பித்துக்கொண்டது.

ரசிகர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் கல்கத்தாவில் பாட்டில்களை எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டத்தை இலங்கைக்கே கொடுக்க வைத்தோம். கேட்ச் விட்ட வீரரின் குடும்பத்தைத் திட்டி எழுதுகிறவர்களும் நம்மவர்கள்தான். பதில் கேட்கும் உரிமை உள்ளவனுக்கு நாகரிகமாகக் கேட்கும் பொறுப்பும் உண்டு.

அதனால் ஒரு பழைய ஏற்பாட்டையே சிபாரிசு செய்கிறேன். வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கும். அதிகாரி வந்து உட்காருவார், கிராமக் கணக்குகளை மேஜையில் விரித்து வைப்போம், ஜனங்கள் நேரில் வந்து மனு கொடுப்பார்கள். கிரிக்கெட் சங்கமும் அணி நிர்வாகமும் சீசனுக்கு முன்னால் அப்படி ஒரு நாள் உட்காரட்டும். டிக்கெட் கணக்கை விரித்து வைக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு இடத்தைக் குறைந்த விலையில் ஒதுக்கி, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாதிரி ஊர்களிலும் கவுண்டர் வைத்து, அடையாள அட்டை பார்த்து விற்கட்டும். இரவு ஆட்டம் பதினொன்றரைக்கு மேல் முடிந்தால் கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் மார்க்கத்தில் கூடுதல் மின்சார ரயில் விடச் சொல்லி ரயில்வேயிடம் முன்கூட்டியே கேட்டு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைச் சொல்லட்டும். வந்த மனுக்களுக்கு எண் போட்டு, முப்பது நாளில் பதில் அனுப்பட்டும்.

இதற்குப் புதுச் சட்டமோ புது அரங்கமோ தேவையில்லை. ஒரு மேஜை, ஒரு பதிவேடு, பதில் எழுதத் தெரிந்த நான்கு எழுத்தர்கள் போதும். ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளமே இல்லாமல் வந்து எழுதிக் கொடுப்போம்.