தாத்தாவின் தோல் உறையில் மூன்று எழுத்து

ஆம்பூர்க்காரர்களிடம் ஒரு துண்டுத் தோலைக் கொடுத்தால் போதும். ஆடா மாடா, எப்படிப் பதனிட்டது என்று விரலாலேயே தடவிச் சொல்லிவிடுவார்கள். அந்த ஊரிலேயே ஒரு வீட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடந்த தோல் உறை ஒன்று, யாருக்கும் பிடிபடாமல் எழுபது வருஷத்துக்கு மேல் தூங்கியிருக்கிறது.

நண்பரின் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று சுற்றியவர். வேலூர் பக்கத்தில் இது அதிசயமில்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே ஒரு பெயர் உண்டு. தாத்தா ஊர் திரும்பியபோது, ஜெர்மானியர்கள் விட்டுப்போன கைத்துப்பாக்கி உறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே துப்பாக்கி இல்லை. உறை மட்டும்தான்.

“ஆன்லைன்ல போட்டா நல்ல விலை போகும்ங்கறாங்க சார். பின்னாடி ஏதோ எழுத்து இருக்கு, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று நண்பர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ‘பி 38’ என்று ஒரு முத்திரை. பக்கத்தில் மூன்று சின்ன ஆங்கில எழுத்துகள், 43 என்ற எண். கீழே ஒரு குட்டிக் கழுகு.

பி 38 என்பது துப்பாக்கியின் பெயர். லூகர் என்று நாம் சினிமாவில் பார்க்கும் பி 08 துப்பாக்கிக்குப் பதிலாக ஜெர்மன் ராணுவம் கொண்டுவந்தது. 43 என்பது 1943-ஆம் வருஷம். கழுகு, ராணுவத்தின் தரப் பரிசோதகர் வைத்தது. ‘பார்த்தாச்சு, சரி’ என்று அர்த்தம். மிச்சமிருக்கும் மூன்று எழுத்துதான் சுவாரசியம்.

எந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது, எவ்வளவு தயாரிக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஜெர்மானியர்கள் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக ரகசியக் குறி போட்டார்கள். மவுசர் கம்பெனி முதலில் ‘எஸ்/42’, பிறகு வெறும் ‘42’, 1941 முதல் ‘பி.ஒய்.எஃப்’ என்று மாற்றிக்கொண்டே வந்தது. ‘ஏ.சி’ என்றால் வால்தர். ‘சி.ஒய்.கியூ’ என்றால் ஸ்ப்ரீவெர்க். துப்பாக்கிக்கு மட்டுமல்ல, அதன் உறையைத் தைத்த தோல் பட்டறைக்கும் இப்படி ஒரு குறி உண்டு. நண்பர் வீட்டு உறையில் இருந்தது அதுதான்.

“அசலா, போலியா?” அடுத்த கேள்வி வந்தது. கழுகு முத்திரை இருந்தால் விலை ஏறும் என்பதால், பழைய உறையில் புது முத்திரை குத்தி விற்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில், டேனரியில் நாற்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பாயிடம் காட்டச் சொன்னேன்.

பாய் கண்ணாடியைக்கூடப் போடவில்லையாம். “பட்டையில பதனிட்ட தோலு. ஈரப்பதத்துல குத்தினாத்தான் முத்திரை இப்படி உள்ள இறங்கும். காய்ஞ்ச பழைய தோல்ல குத்தினா ஓரம் வெடிச்சுக் காட்டிக்கொடுத்துடும். இது தைக்கறதுக்கு முன்னாடியே குத்தினது, தம்பி.” ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நம் பக்கத்துத் தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸாகப் போனது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் அவர் விரலில் இருக்கிறது.

அசல்தான். ஆனால் விற்பதற்கு முன் நண்பருக்கு இன்னொன்றையும் சொன்னேன். அந்த ரகசிய எழுத்துகள் மறைத்தது ஊர்ப் பெயரை மட்டுமல்ல. வால்தர் கம்பெனி நாயன்காம் வதைமுகாமில் ஒரு தொழிற்சாலை வைத்துக் கைதிகளை வேலை வாங்கியது. பெர்லின் அருகே சாக்சன்ஹவுசன் முகாமில், செருப்பு, பூட்ஸ் அடிப்பகுதிகள் எவ்வளவு தேய்கின்றன என்று பார்க்க, மணல், சரளை, கான்கிரீட் பாதையில் கைதிகளை நாளுக்கு 40 கிலோமீட்டர் வரை நடக்கவிட்டார்கள். விழுந்து செத்தவர்கள் பலர்.

நண்பரின் மனைவி ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. “விக்க வேணாம்னு சொல்லிட்டா சார். தாத்தா போட்டோவுக்குக் கீழயே வெச்சுட்டோம்.”

ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டுப் பரணில் உறையோடு துப்பாக்கியும் இருந்தால், முத்திரை பார்க்கிறேன் என்று எடுத்து நோண்டாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்திருந்தாலும் அவர் காலத்தோடு அது முடிந்தது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பதுதான் முறை. வெறும் உறை என்றால் பயமில்லை. ஈரம் படாமல், வெயில் படாமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஷூவின் நாக்குக்கு அடியில் பாருங்கள். அளவு, ஆர்ட்டிகிள் நம்பர், தேதி எல்லாம் இருக்கும். தைத்தவர் பெயர் மட்டும் இருக்காது. ஆம்பூரில் கேட்டால் ஒருவேளை தெரியும்.