சோறு மறுபடியும் விதைநெல் ஆகுமா?

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் உழவரிடம் கேட்டுப் பாருங்கள்: "வெந்த சோறு மறுபடியும் விதைநெல் ஆகுமா?"

அவர் சிரிப்பார். "ஆகவே ஆகாது" என்பார்.

உயிரணுக்களைப் பற்றி விஞ்ஞானிகளும் வெகுகாலம் இப்படித்தான் எண்ணினார்கள்.

தாய் வயிற்றில் கரு உண்டாகும்போது, அதன் அணுக்கள் விதைநெல் போன்றவை. தோல், எலும்பு, இரத்தம், மூளை என்று எதுவாகவும் மாறும். இவைதான் 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுக்கள். ஆனால், ஒரு தடவை தோலாகிவிட்ட அணு, கடைசிவரை தோல்தான் என்று நினைத்தார்கள்.

1962-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் கர்டன் இதை மாற்றிக் காட்டினார். தலைப்பிரட்டையின் குடல் அணுவில் இருந்த உட்கருவை எடுத்து, தவளை முட்டையில் வைத்தார். புதிய தலைப்பிரட்டை பிறந்தது.

2006-ம் ஆண்டில், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனகா முட்டையே இல்லாமல் சாதித்தார். 24 மரபணுக்களை ஆராய்ந்து, 4 போதும் என்று கண்டார். அந்த நான்கையும் எலியின் தோல் அணுக்களில் செலுத்தினார். அவற்றில் சில, குருத்தணுக்கள் போலவே மாறிவிட்டன!

சோறு விதைநெல் ஆகிவிட்டது!

மறு ஆண்டே மனித அணுவிலும் இது பலித்தது. 2012-ல் கர்டனுக்கும் யமனகாவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால், உடனே ஏமாந்துவிடக் கூடாது.

அந்த நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயுடன் தொடர்பு உள்ளது. 2014-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் தோல் அணுவில் இருந்து விழித்திரைத் திசு வளர்த்து, அவர் கண்ணில் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்தும் பார்வை மேலும் கெடவில்லை. ஆனால், கூடவும் இல்லை. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

இதற்குள் "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எந்த நோயும் தீரும்" என்று ஆசை காட்டுவோர் உண்டு. பிள்ளையின் நோய்க்காக நிலத்தை விற்கும் பெற்றோர்தான் இவர்களுக்கு இரை!

சில இரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அது நடைபெறுகிறது. அப்படி ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாக, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே நோயாளிக்குக் குருத்தணு செலுத்துவது முறைகேடு என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறை.

கணக்குக் காட்டாதவர் பொறுப்புக்கு வரக் கூடாது என்று, பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்தப் புத்தி நமக்கும் வேண்டும்.

தாலியை அடகு வைக்கும் முன் கணக்குக் கேளுங்கள்: "யார் அனுமதி கொடுத்தார்கள்? எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேர் குணம் அடைந்தார்கள்?"

பதில் வரவில்லையா? எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் யோசனை கேளுங்கள்.

விஞ்ஞானத்தை நம்புவோம். அதன் பெயரைச் சொல்லி விற்பவரை, விசாரித்த பிறகே நம்புவோம்!